அக்கா வருவதற்குள் வெட்டிவிட்டார்கள்

மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் தம்பி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே என் வலது இடுப்பைத் தவிர அனைவரும் நலம். அங்கே உன் கோபத்தைத் தவிர எல்லாம் நலமாயிருக்க வேண்டுகிறேன். நீ போனை எடுக்க மறுப்பதால் இந்தக் கடிதம்.

நடந்ததில் என் குற்றம் எள்ளளவும் இல்லை. நின்றபடியே பேன்ட் மாட்டுவது என் வழக்கம், அன்றைக்கு இரண்டு காலும் ஒரே குழாய்க்குள் நுழையப் பார்த்தன, விழுந்தேன், ஆயுள் முழுக்க பஸ்ஸில் பிரேக் மிதித்த கால், எழுந்திரு என்றால் கேட்கவில்லை. "இந்த வயசுல கத்தி படக்கூடாது, கட்டுப்போட்டுப் படுத்திரு, நான் வந்து முடிவு பண்றேன்" என்று நீ போனில் சொன்னது எனக்கு வேதவாக்கு. ஆனால் உன் தம்பி பெண்டாட்டி இருக்கிறாளே, கத்திரிக்காய் வாங்கக்கூட என்னைக் கேட்கிறவள், "எலும்பு முறிஞ்சிருக்கும்மா, தள்ளிப்போட்டா படுக்கையே ஆளைத் தின்னுடும்" என்று டாக்டர் சொன்னதும் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கே பண்ணிடுங்க" என்றாள். "அக்கா கோவிச்சுக்குமே" என்றேன். "கோவம் ஆறிடும். இடுப்பு ஆறணும்ல?" என்றாள்.

மறுநாள் வெட்டினார்கள். அதற்கு மறுநாளே பிசியோதெரபிப் பெண் வந்து நின்று, "எந்திரிங்கப்பா" என்கிறாள். "நேத்துதானேம்மா வெட்டினீங்க?" "அதனாலதான் இன்னிக்கு நிக்கணும்." நின்றேன். கண்ணில் பூச்சி பறந்தது. உன்னைக் கூப்பிட்டுத்தான் கத்தினேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் வரை போனால், திரும்பத் தெரியாமல் சுவரில் இடித்தேன். "இவரா பஸ் ஓட்டினாரு?" என்று அவள் சிரிக்க, என் வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் ஒருவர். என்னைவிட இளையவர், அதே இடுப்பு. மூத்தமகன் வரட்டும், பிறகு மருமகன் வரட்டும் என்று வீட்டிலேயே படுக்க வைத்து, நெஞ்சில் சளி கட்டி, முதுகில் புண்ணோடு கொண்டுவந்தார்கள். பாசத்தில்தான் காத்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. நான் தத்தித் தத்திப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தரை எப்படி சார் இருக்கு?" என்றார். "சில்லுனு இருக்கு" என்றேன். அந்தக் குளிர் தன் காலில் ஏறுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை, அக்கா. காலைத் தூக்கு, இறக்கு, உட்காரு, எந்திரி என்று இவள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி படுத்துகிறாள். உன் சொல்லைத் தட்டிய பலன், ஓரடி எடுத்துவைக்க முடியாமல் கிடக்கிறேன். நீ வந்து நாலு கேள்வி கேட்டால்தான் அடங்குவாள். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் சொல் தட்டாத
தம்பி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் அதன் முதுகில் எழுதுகிறேன். தெருமுனைத் தபால் பெட்டி மேல் வைத்து, நின்றுகொண்டு. கைத்தடி ஒன்றுதான் துணை. கூட வந்தவளைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். உள்ளே புலம்பியிருப்பதெல்லாம் உன் மனம் குளிர எழுதினது, நம்பாதே. அக்கா, நீ எங்கேயாவது விழுந்து வச்சா, என்னைக் கேட்கணும்னு காத்துக் கிடக்காதே.