கீழ்வீட்டுச் சந்தேஷ்

முளைகட்டிய பயறை எங்கே ஒளிப்பது என்று பத்மநாபனுக்குப் புரியவில்லை.

லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டின் மூன்றாம் மாடி பால்கனியில் டப்பாவும் கையுமாக நின்றார். காக்காய்க்கு வைத்துப் பார்த்தாயிற்று. ஒரு காக்காய் ஒரே ஒரு பயறை வாயில் போட்டுத் துப்பியது. பிறகு சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுக் காட்டியது. அன்றிலிருந்து ஒரு காக்காயும் அந்தப் பக்கம் பறப்பதில்லை.

அடுத்து, துளசித் தொட்டியில் புதைத்தார். ஏற்கெனவே முளைத்த பயறு மண்ணைக் கண்டால் சும்மா இருக்குமா? கொடி கிளம்பி, துளசியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பால்கனிக் கம்பியில் ஏறிவிட்டது.

"ஏன்னா, துளசியில பயத்தங்கொடி வந்திருக்கே?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"கங்கைத் தண்ணி விசேஷம், ராஜம். எதைப் போட்டாலும் முளைக்கும்."

"அப்போ போட்டது யாரு?"

பத்மநாபன் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வயிறு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வாசலில் காலிங்பெல் அடித்தால், முதலில் அதுதான் போய்க் கதவைத் திறக்கும். "கொஞ்சம் குறைக்கணும்" என்று டாக்டர் சொன்ன அன்றே ராஜலக்ஷ்மி செல்போனில் கலோரி கணக்கு பார்க்கும் ஆப்பை இறக்கிவிட்டாள். அந்தப் போன் சம்மதிக்காமல் அந்த வீட்டில் ஒரு இட்லி தட்டில் விழாது.

"உங்களை யாரும் பட்டினி போடலை. அளவாச் சாப்பிடுங்கோ, சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலா பயறு சாப்பிடுங்கோ, அவ்வளவுதான். துர்கா பூஜைக்குள்ள எடை இறங்கலேன்னா பந்தலுக்கு பிளாஸ்க்ல ஓட்ஸ் கஞ்சி எடுத்துண்டு வருவேன். அஷ்டமி அன்னிக்கு எல்லாரும் லூச்சி சாப்பிடறச்சே உங்களுக்கு மட்டும் ஸ்பூனால ஊட்டுவேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"கழுத்துல துண்டையும் கட்டி."

அஷ்டமி லூச்சி, நெய்யில் பொரித்த வெள்ளை மைதா பூரி! பத்மநாபன் வருஷம் பூராவும் மூச்சு விடுவதே அதற்காகத்தான். எடை இறங்க வேண்டும். ஆனால் தொண்டையில் பயறு இறங்கக் கூடாது. என்ன செய்ய?

லிஃப்ட் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று படியிலேயே இறங்கினார். தரைத்தளத்தில் கோஷ் பாபு வீடு. கதவைத் திறந்த கோஷ் பாபுவின் தொந்தி, பத்மநாபனின் தொந்தியோடு கை குலுக்கியது.

"ராஜம் உங்களுக்குக் கொடுக்கச் சொன்னா" என்று டப்பாவை நீட்டினார்.

கோஷ் பாபு திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். வாசலில் நின்றபடியே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "ஆஹா! கடுகு தாளிச்சிருக்கே! என் பெண்டாட்டிகிட்ட சொல்லாதீங்க தாதா, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி."

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாமா? கோஷ் பாபு டப்பாவைக் கழுவி, பாலைத் திரித்துச் செய்த இனிப்பைச் சதுரம் சதுரமாக வைத்துக் கொடுத்தார். சந்தேஷ்!

மாடிப்படியிலேயே அது காலி. இனிப்பு கொஞ்சம் கம்மிதான். 'பழைய வங்காளக் குடும்பம். திகட்டத் திகட்டப் போடமாட்டா' என்று மெச்சிக்கொண்டார்.

இரண்டு நாளில் வந்தது வம்பு.

"கீழே கோஷ் பாபு ஆம்படையா, அந்த கோஷ் பௌதியைப் பார்த்தேன். பயறு பிரமாதமாமே?" என்றாள் ராஜலக்ஷ்மி.

பத்மநாபன் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "அ... அது வந்து..."

"பாவம், கேட்டா குடுக்க வேண்டியதுதானே! நாளையிலேர்ந்து அவாளுக்குத் தனியா ஒரு டப்பா, உங்களுக்கு ஒரு டப்பா. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்கோ."

ஆக, இரண்டு டப்பா பயறும் கீழே போயிற்று. இரண்டு டப்பா சந்தேஷ் மேலே வந்தது. விட்டுவிடலாம் என்று ஒருநாள் போகாமல் இருந்தார். கோஷ் பாபு படியேறி மூச்சிரைக்க வந்து, "உடம்பு சரியில்லையா தாதா?" என்று டப்பாவை எட்டிப் பார்த்தார்!

மஹாளயம் போய், பூஜை தொடங்கும் பஞ்சமியும் வந்துவிட்டது. எடை பார்க்கும் மெஷின் ஹாலின் நடுவில் பலிபீடம் போல உட்கார்ந்திருந்தது. பத்மநாபன் வாட்சைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், பனியனைக் கழற்றினார். பூணூலைத் தொட்டு யோசித்து, விட்டுவிட்டார்.

"ராஜம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..."

"ஏறுங்கோ முதல்ல."

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினார். பிளாஸ்க், ஸ்பூன், கழுத்தில் துண்டு, சுற்றி நின்று சிரிக்கும் லேக் கார்டன்ஸ் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

"இறங்கியிருக்கு!" என்றாள் ராஜலக்ஷ்மி. "நன்னாவே இறங்கியிருக்கு!"

பத்மநாபன் கண்ணைத் திறந்தார். மெஷினைத் தட்டினார். இறங்கி, மறுபடி ஏறினார். அதே எண்தான். சந்தேஷ் தின்றால் இளைக்குமா? இதை உலகத்துக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் அல்லவா?

"ஆமா, ஏதோ உண்மைன்னேளே?"

"அதுவா... உன் பயறு மாதிரி உண்டா, ராஜம்!"

அப்போது காலிங்பெல் அடித்தது. ராஜலக்ஷ்மி கதவைத் திறந்தால், உள்ளே மெஷின் மேல் நின்ற பத்மநாபனைக் கவனிக்காமல், தோளில் இரண்டு பேண்ட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றாள் கோஷ் பௌதி.

"தீதி, எங்க வீட்டுக்காரர் பேண்ட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு, இடுப்புப் பிடிக்கக் கரியாஹாட் கடைத்தெருத் தையல்காரர்கிட்ட போறேன், தாதாவோடதையும் குடுங்க, அப்புறம், நாம பேசி வெச்ச மாதிரி அஷ்டமி ஒரு நாள் ரெண்டு பேருக்கும் லீவு விட்டுட்டு, நவமியிலேர்ந்து மறுபடி உங்க பயறு இவருக்கும், என் சர்க்கரையில்லாத சந்தேஷ் அவருக்கும் திருட்டுத்தனமாவே போகட்டும், நேராக் கொடுத்தா ரெண்டும் தின்னாதுங்க!"