மூன்று மாநிலமும் ஒரு தண்ணீர் ஜாடியும்

"இந்தத் தண்ணியை எவன்யா இங்க வெச்சது?"

கீழாற்றுக்காரர் போட்ட சத்தத்தில் மின்விசிறி ஒரு சுற்று எதிர்த்திசையில் சுற்றிவிட்டுப் பிறகு சுதாரித்துக்கொண்டது.

விருந்தினர் மாளிகைப் பொறுப்பாளர் ஓடி வந்தார். ஒரே ஆற்றைப் பங்கு போடுவதற்காக மூன்று மாநிலத்துத் தலைமைப் பொறியாளர்கள் மாதம் தவறாமல் கூடுகிற வட்ட மேசை அது. மேலாற்றுக்காரர், நடுவாற்றுக்காரர், கீழாற்றுக்காரர் என்று சமையலறையில் வைத்த பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

"குடிக்கிற தண்ணிதாங்கய்யா."

"பாட்டில்ல என்ன போட்டிருக்கு, படி. மேல்மாநிலத் தயாரிப்பு! ஆத்தை மறிச்சு வெச்சுக்கிட்டு, அதையே அடைச்சு நமக்கு விக்கிறாங்க!"

"தாகம் இல்லேன்னா விடுங்களேன்" என்றார் மேலாற்றுக்காரர், விரலால் மேசையில் தாளம் போட்டபடி.

மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.

காலையில்தான் நீர்வளத்துறைச் செயலாளர் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "இன்னிக்கு எவனாவது கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனா, மாளிகைக்குப் பூட்டு. நீ அணைக்கட்டுல போய் மதகுக்கு எண்ணெய் போடு." மாளிகையின் பின்கட்டில்தான் அவருடைய வீடு. சமையல் அவர் மனைவி பொறுப்பு. அணைக்கட்டிலோ பேச்சுத்துணைக்குக் குரங்குகள்தான். அவையும் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று கேள்வி.

பொறுப்பாளர் கடைக்குப் பறந்தார். அவரவர் மாநிலத்துப் பாட்டிலை அவரவர் முன் வைத்தார். மேல்மாநிலப் பாட்டில் மற்ற இரண்டையும்விட ஒரு சாண் உயரமாக இருந்து தொலைத்தது.

"பாருய்யா, இங்கயும் அவங்களுக்குத்தான் அதிகம்!" என்றார் நடுவாற்றுக்காரர்.

பொறுப்பாளர் எல்லாவற்றையும் பெரிய கண்ணாடி ஜாடியில் கொட்டி மேசைக்கு அனுப்பினார். மேலாற்றுக்காரர் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். வறட்சிக் காலத்துக்கு இருக்கட்டும் என்று இன்னொன்று. நடுவாற்றுக்காரர் தாகத்துக்கு ஒன்று, வளர்ச்சித் திட்டத்துக்கு ஒன்று. கீழாற்றுக்காரரிடம் ஜாடி வந்தபோது அடியில் ஒரு மடக்குத் தண்ணீரும் ஓர் ஈயும் இருந்தன.

"இந்த ஈதான் எங்க பங்கா?"

பொறுப்பாளர் ஜாடியை மறுபடி நிரப்பி, இம்முறை கீழாற்றுக்காரரிடமிருந்து ஆரம்பித்தார். மேலாற்றுக்காரர் துள்ளி எழுந்தார்.

"யோவ், ஆறு எங்கய்யா கீழேருந்து மேல ஓடும்?"

மூவர் கையிலும் பெட்டி ஏறிவிட்டது. பொறுப்பாளர் சமையலறைக்கு ஓடினார்.

"போச்சுடி! கிளம்புறாங்க! மூட்டையைக் கட்டு!"

மனைவி மீனைத் திருப்பிப் போட்டாள். "கெளம்பமாட்டாங்க. மீன் வேகட்டும், கத்தாதீங்க."

"உனக்கு எங்க தெரியப்போகுது நாட்டு நடப்பு!"

அவள் அதைக் காதில் வாங்காமல், வறுத்த மீனை அவரிடமும் அங்கே நின்ற கீழாற்றுக்காரரின் ஓட்டுநரிடமும் நீட்டினாள். "தம்பி, நீ ரெண்டாப் பிரி. இவரு மொதல்ல எடுத்துக்கட்டும்."

ஓட்டுநர் மீனைப் பிரித்த நேர்த்தியைப் பார்த்துப் பொறுப்பாளருக்குத் தலைக்குள் விளக்கெரிந்தது. அப்படியே மேசைக்குப் பாய்ந்தார்.

"ஐயா, மேல இருக்கறவரு ஊத்தட்டும். கீழ இருக்கறவரு மொதல்ல எடுக்கட்டும். ஊத்தினவருக்குக் கடைசி டம்ளர்!"

மேலாற்றுக்காரர் கண்ணை டம்ளர் மட்டத்துக்கு இறக்கி, மூச்சை அடக்கி ஊற்றினார். ஒரு கொசு நீந்திப் பார்த்திருந்தால்கூட மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லியிருக்காது. மூவரும் குடித்தார்கள்.

பொறுப்பாளருக்குத் தைரியம் தலைக்கேறியது. "ஆத்துக்கும் இதையே வெச்சுக்கலாமேங்கய்யா?"

மேசைமேல் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்த தொலைபேசியில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த செயலாளர் கூவினார்: "பிரமாதம்யா! உடனே கையெழுத்து வாங்கு!"

போட்டார்கள். ஆனால் மூன்று முகமும் பந்தியிலிருந்து எழுப்பி விடப்பட்டவர்களின் முகம்போல இருந்தது. பொறுப்பாளர் அதைக் கவனிக்காமல் வாசலுக்குத் துள்ளிக்கொண்டு ஓடினார். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தீந்துது தம்பி! ஆத்துச் சண்டை தீந்துது!"

அதே நொடி உள்ளேயிருந்து இடி இடித்தது.

"அப்ப ஆத்து மணல் யாருக்குய்யா? அதைப் பேசினீங்களா?"

"ஆத்து மீன்? மீன் எந்த மாநிலத்துது?"

"அடுத்த மாசம் இதே மேசையில பாத்துக்கறேன்!"

பொறுப்பாளர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களே!"

ஓட்டுநர் அவர் தோளைத் தட்டினார். "நீங்க வேறண்ணே, ஆத்துச் சண்டையை மொதக் கூட்டத்துலயே தங்களுக்குள்ள பேசித் தீத்துட்டாங்க, அன்னிலேருந்து மூணு மாநிலத்துக்கும் தண்ணி ஒழுங்காத்தான் போகுது, இப்ப நீங்க அதை ஊரறியத் தீத்துவெச்சா, அக்கா கைச் சாப்பாட்டுக்கு மாசாமாசம் வர அவங்களுக்கு வேற சண்டை வேணாமா?"