விளக்கீட்டுக்கு வந்த பித்தளை

நூறு துப்பாக்கி ரவை உறைகளும் புளிக்கரைசலில் ஊறிக்கொண்டிருந்த வேளையில் வாசற்கதவில் சாவி திரும்பியது. குகதாசன் சட்டியை மூட ஒரு தட்டைத் தேடினான்.

சுட்டு முடிந்த வெற்றுறைகள் அவை. வெடிமருந்து நிரப்பி மீளவும் சுடுமுன் பொன்போல் துலக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த அவனிடம் துப்பாக்கிக் கழகச் செயலாளர் எட்வேட் அன்று சனிக்கிழமை காலை வந்து அத்திருப்பணியை ஒப்படைத்திருந்தார். "எங்கள் சாம்பியனுடைய உறைகள். நான்கு மணிக்கு வருவேன். மாசிருந்தால் உங்கள் உறுப்புரிமையை மறந்துவிடுங்கள்" என்றும் சொல்லியிருந்தார்.

சிவமலர் அறிந்தால் உறுப்புரிமையோடு இல்லறமும் போய்விடும். பத்திரங்களில் இன்றும் தந்தை பத்மநாதனின் பெயரையே தாங்கும் அவன் மனைவி அவள். இனித் துவக்கு, துப்பாக்கி எதையும் தொடுவதில்லை என்று, புலம்பெயர்ந்து குட்மேய்ஸில் குடிவந்த அன்றே இருவரும் பிள்ளையார் படத்தின்முன் சத்தியம் செய்திருந்தார்கள். ஞாயிறுதோறும் தேவார வகுப்புக்குப் போவதாகச் சொல்லியே அவன் கழகத்துக்குப் போய்வந்தான். பொய்க்குத் துணையாக ஒரு பதிகமும் மனனம் செய்திருந்தான்.

"இஞ்சாருங்கோ, என்ன குசினியெல்லாம் புளி மணக்குது?" என்று கேட்டபடி சிவமலர் உள்ளே வந்தாள்.

"கோயில் கார்த்திகை விளக்கீட்டுக்குப் பித்தளை மினுக்கிறன்."

சிவமலர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்ன விளக்கோ?"

"சின்ன விளக்குக்குத்தான் புண்ணியம் கூட."

"என்ன?"

"புண்ணியம்!"

"கத்தாதேங்கோ. நேற்றுக் கோயில் மணி அடிச்ச அடியிலை காது இன்னும் அடைச்சுக்கிடக்கு."

வெள்ளிதோறும் மனோர் பார்க் முருகனிடம் போய்வருபவள் அவள். அந்தப் பக்தியை எண்ணி அவன் வெட்கினான்.

"புளியிலை கனநேரம் கிடந்தால் பித்தளை சிவந்துபோம்" என்றாள்.

பதறிய குகதாசன் உறைகளைத் தலையணை உறையில் கட்டி வோஷிங் மெஷினில் போட்டான். நூறு கோயில் சேமக்கலங்கள் ஒருங்கே முழங்கின. முடிச்சு அவிழ்ந்து, உள்ளே ஏற்கெனவே கிடந்த சிவமலரின் கூறைச்சேலை புளிநிறமானது.

"ஐயோ, என்ரை கூறை!"

"பொறும், முதல்லை இதுகள் காயட்டும்!"

ஈரம் வாங்க அரிசியோடு சேர்த்துக் கிரைண்டரில் சுழற்றினான். ஒவ்வொரு உறையின் கழுத்திலும் அரிசி இறுகிப்போனது. மணி மூன்றரை.

"விடுங்கோ, உங்களுக்கு ஏலாது" என்று சிவமலர் விளக்குமாற்று ஈர்க்கோடு அமர்ந்தாள். அவன் ஒன்றைக் குடைவதற்குள் அவள் பத்தை முடித்தாள். கை சற்றும் நடுங்கவில்லை. வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்து நான்கைப் புறம்பாக வைத்தாள்.

"இதுகள் கழுத்து வெடிச்சது. ஆபத்து."

"விளக்கிலை என்ன ஆபத்து?"

"...எண்ணெய் ஒழுகும்."

மீதித் தொண்ணூற்றாறும் கார்த்திகை வானம்போல் ஒளிர்ந்தன. அப்போது அழைப்புமணி ஒலித்தது.

"நீர் இரும், கோயில் ஆள், நான் பாக்கிறன்!" என்று குகதாசன் பாய்ந்தான். ஆனால் கதவைத் திறந்தவள் சிவமலர்.

எட்வேட் தொப்பியைக் கழற்றினார். அவர் முகம் மலர்ந்தது.

"மிசிஸ் பத்மநாதன்! நேற்று நீங்கள் சுட்ட உறைகளை எடுக்க நீங்களே வந்துவிட்டீர்களா? இவருடைய வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"