வலிக்காமல் ஒரு ஹாலோவீன்

பைன் ஃபோர்க், மினசோட்டா
நவம்பர் 2

பேரன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி லோவல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் பிரிட்டாவும் பேத்தி மாரெனும் சுகம். அரிசோனா வெயிலில் உன் மூட்டுவலியும் டுவேன் அத்தானின் கோபமும் ஒருசேரத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் ஊரில் முதல் பனி இன்னும் விழவில்லை. இதோ விழுகிறேன் பார் என்று மிரட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறது.

நேற்று தொலைபேசியில், "என்னடா, தொண்டையில புண்ணா? திருடன் மாதிரி கிசுகிசுன்னு பேசறே?" என்று கேட்டாய். புண் எதுவும் இல்லை. ஒரு மாதமாக அப்படிப் பேசிப் பழகிவிட்டது, விட மாட்டேன் என்கிறது. என்ன நடந்தது என்று விவரமாக எழுதுகிறேன், அத்தானுக்கும் படித்துக் காட்டு.

நான் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதையும், சத்தம்தான் என் சொத்து என்பதையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் வந்தால் என் வீட்டு வாசலில் புகை கக்கும் இயந்திரம், கண்ணைக் கூச வைக்கும் விட்டுவிட்டு மின்னும் விளக்கு, ஆள் நடமாட்டம் தெரிந்தாலே அலறும் எலும்புக்கூடுகள் என்று ஒரு பட்டாளமே நிற்கும். எதிர்வீட்டு வெர்லின் எனக்குப் போட்டியாக மரம் அறுக்கும் ரம்பத்தை ஓட விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் மாரெனுக்கு நம்மைப் போல் இல்லை, அக்கா. நமக்குச் சாதாரணமாகக் கேட்பது அவளுக்கு இடி; சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் அவளுக்கு முள்; வெளிச்சம் மின்னினால் ஊசி. போன வருஷம் என் எலும்புக்கூடு ஒரே ஒரு தடவைதான் அலறியது. குழந்தை போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டாள். நானும் பிரிட்டாவும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு கெஞ்சியும் வெகுநேரம் வெளியே வரவில்லை. அதனால் இந்த செப்டம்பரிலேயே பிரிட்டா, என் வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே, "அப்பா, இந்த வருஷம் நாங்க வரலை. கதவைச் சாத்திக்கிட்டு வீட்டோட இருந்துக்கறோம், விட்டுடுங்க" என்றாள். அப்போது காரின் பின்சீட்டிலிருந்து மாரென், "எனக்குப் போகணும். எல்லாரும் போறாங்க. ஆனா வலிக்காம போகணும்" என்றாள். வலிக்காமல்! நான் பிரிட்டாவைப் பார்த்தேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார் ஓரமாக நின்றபடியே, "நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தையை விட்டேன். விட்ட வார்த்தை என்ன பாடு படுத்தியது என்று கேள்.

முதலில் வேடம். கடையில் இளவரசி கவுன் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். உள்பக்கத் தையல் குத்துகிறது என்று கடையின் நட்டநடுவில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு பனியனோடு நின்றாள் மகாராணி. முகமூடி மூச்சு முட்டியது, பொய்முடி அரித்தது. கடைசியில், "நான் தபால் பெட்டி" என்றாள். "தெருமுனையில இருக்கே, நீலப் பெட்டி, அதுவா?" என்றேன். "ஆமா. அதை யாரும் கட்டிப்பிடிக்க மாட்டாங்க. கன்னத்தைக் கிள்ள மாட்டாங்க. வாயில போடுவாங்க, போயிடுவாங்க." உடனே வேலையை ஆரம்பித்தேன். உள்ளே அவளுடைய பழைய பருத்திப் பைஜாமா, மேலே ஓர் அட்டைப்பெட்டி. பெயிண்ட் வாசனை அவளுக்கு ஆகாதே என்று பெட்டியை வெளியே காயப் போட்டேன். மழை வந்து கூழாக்கிவிட்டது. இரண்டாவது பெட்டிக்கு, வாசனையே வேண்டாம் என்று மைதாப் பசை காய்ச்சி நீலக் காகிதம் ஒட்டினேன். ராத்திரியோடு ராத்திரியாக ரக்கூன்கள் வந்து பசையை நக்கி, காகிதத்தைத் தின்று, பெட்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டுப் போயின. மூன்றாவது பெட்டிக்கு என் கட்டிலில் இருந்த நீலப் போர்வையை வெட்டிச் சுற்றினேன். நீ என் அறுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்பிய அதே போர்வைதான். கோபித்துக்கொள்ளாதே, அதைப் போல மெத்தென்று இந்த ஊரில் வேறு துணி கிடையாது.

அடுத்தது வாசலை வாயடைக்கும் வேலை. புகை இயந்திரத்தையும் விளக்கையும் மூட்டை கட்டிவிட்டேன். எலும்புக்கூடுகளில் ஒன்று மட்டும் எந்த பேட்டரியில் ஓடுகிறது என்றே பிடிபடவில்லை, யார் தும்மினாலும் கத்தியது. அதைக் கம்பளியில் சுருட்டிக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நம் கிழப் பாதிரியார் நட்பாகக் காரின்மேல் சாய்ந்துகொண்டு என்னிடம் உடல்நலம் விசாரிக்கிறார், டிக்கிக்குள்ளிருந்து ஒரு குரல், "உன் நேரம் முடிந்துவிட்டது! ஹா ஹா ஹா!" என்கிறது. அவர் டிக்கியை ஒரு தட்டுத் தட்டினார். "அது எனக்கே தெரியும் லோவல், அதை ஏம்ப்பா ஒளிஞ்சிருந்து சொல்ல வைக்கறே?" என்றார்.

இனி வெர்லின். என் வாசல் மட்டும் அமைதியாக இருந்து, எதிரே ரம்பம் ஓடினால் என்ன பயன்? அவன் கதவைத் தட்டினேன். ஹாலோவீன் அன்று நாலு மணியிலிருந்து இருட்டும்வரை தெரு முழுக்க அமைதி, சத்தம் இல்லை, மின்னும் வெளிச்சம் இல்லை, வாசனை மெழுகுவத்தி இல்லை, யாரும் மறைவிலிருந்து பாய்ந்து பயமுறுத்தவும் கூடாது என்று சொல்லி முடித்தேன். அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தான்.

"யோவ் வாத்தியாரே, நீ? அமைதியா? என்னை ரம்பத்தை உள்ள வைக்கச் சொல்லிட்டு நீ பீரங்கி கொண்டாரப் போறே, அதானே?"

"வெர்லின், பேத்திக்காகக் கேக்கறேன்யா."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. தெருவை ஒரு தடவை இப்படியும் அப்படியும் பார்த்தான். பிறகு, "வெளிய சொல்லாதே. எனக்கும் அந்தச் சத்தம் ஒத்துக்கறதே இல்லை. வருஷா வருஷம் காது மெஷினைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் வாசல்ல உக்கார்றேன்" என்றான்.

"அப்புறம் எதுக்குய்யா ரம்பத்தை ஓட்டுனே?"

"நீ நிறுத்துவேன்னு பாத்தேன், நீ நிறுத்தலையே!"

அன்றைக்கே அவன் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினான். எல்லா வீட்டிலும் சரி என்றார்கள். என் வாசலில் சிரித்த முகம் வெட்டிய பூசணிக்காய்கள், ஒரு கிண்ணத்தில் மிட்டாய், மிட்டாய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொரு கிண்ணத்தில் வழவழப்பான கூழாங்கற்கள், களைத்துப்போகும் குழந்தைகள் ஒதுங்கி உட்கார மரத்தடியில் ஒரு கூடாரம். கதவில் பெரிய எழுத்தில், "பேசாவிட்டாலும் மிட்டாய் உண்டு."

நாலைந்து பிள்ளைகள் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். செய்தி எப்படியோ பரவி, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கார் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், அக்கா! காதுமூடி போட்ட கடற்கொள்ளைக்காரன், சக்கர நாற்காலியில் ஒரு டிராகன், வேடமே போடாமல் "நான் நானாத்தான் வந்திருக்கேன்" என்று சொன்ன ஒரு பெரிய பையன். தெரு நிறையக் கூட்டம், ஆனால் காலடியில் இலை நொறுங்கும் சத்தம் மட்டும்தான். எல்லோரும் நுனிக்காலில் நடக்கிறார்கள், கையசைத்துக்கொள்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் எலும்புக்கூடுகளைவிட இதுதான் பார்க்க அமானுஷ்யமாக இருந்தது. அந்தப் பக்கம் வந்த போலீஸ் காருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பட்டப்பகலில் ஊரே முகத்தை மூடிக்கொண்டு ஓசைப்படாமல் என் வீட்டைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்தால் வேறு என்னதான் நினைப்பார்கள்? காருக்குள் இருந்தவன் ட்ராவிஸ். காரின் மேல்விளக்கைப் போட்டுவிட்டான், சைரன் சுவிட்சிலும் கை வைத்துவிட்டான், அது கண்ணாடி வழியாக எனக்குத் தெரிகிறது. காருக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் தபால் பெட்டி நிற்கிறது. கத்தினால் குழந்தை போச்சு, கத்தாவிட்டாலும் போச்சு. என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, பேண்டுக்கு முன்னால் நின்று வாசிப்பை நிறுத்துவதுபோல் வட்டமாகச் சுழற்றி முஷ்டியை இறுக்கினேன். பள்ளி பேண்டில் எனக்குக் கீழே டிரம்போன் குழல் ஊதியவன் அவன். அவன் கை சட்டென்று மடிக்கு வந்துவிட்டது, முதுகும் நேராகிவிட்டது! விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, "சார்... நான் முந்தியே ஊதிட்டேனா சார்?" என்று ரகசியமாகக் கேட்டான். "எப்பவும் போல" என்றேன்.

மாரென் என்ன செய்தாள் என்கிறாயா? பெட்டிக்குள் அசையாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்து மூன்றாம் வீட்டு ஐயோலா அம்மாள், அவர்களுக்குப் பார்வை மங்கல், மெல்ல நடந்துவந்து மின்சாரக் கட்டண உறையைப் பெட்டியின் வாயில் போட்டுவிட்டு, "கடைசியா எப்ப எடுப்பாங்க?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து, "அஞ்சு மணிக்கு" என்று பதில் வந்தது. வெளியாட்களிடம் வாயே திறக்காத பெண், அக்கா! பிரிட்டா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் பெட்டி நடந்து என் படி ஏறியது. நான் முந்திப்போய் மேல்படியில் நின்றுகொண்டேன். மிட்டாயை நீட்டாமல் காத்திருந்தேன். உள்ளிருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பேய் மிரட்டுவதுபோல், "பூ!" என்றது. அந்த நிசப்தத்தில் அதைக் கொஞ்சமும் எதிர்பார்க்காத நான் உண்மையாகவே பதறிப் பின்வாங்கி, படியின் ஓரம் தவறி, கூட்டிவைத்திருந்த இலைக் குவியலுக்குள் மல்லாக்க விழுந்தேன். மாரென் சிரித்தாள் பார், பெட்டியே குலுங்கியது. அன்றைக்குத் தெருவில் கேட்ட பெரிய சத்தம் அதுதான். யாரும் காதைப் பொத்தவில்லை. "தாத்தா, திரும்ப விழுங்க" என்றாள். விழுந்தேன். எத்தனை தடவை என்று என் இடுப்பைக் கேள்.

ஆனால் அக்கா, நான் ஓய்ந்துவிட்டேன். ஊரைச் சத்தம் போட வைக்க என்னால் முடியும், வாயை மூட வைக்க இந்த உடம்பில் இனித் தெம்பு இல்லை. இனிமேல் இந்த மாதிரிப் பொறுப்பு எதையும் தலைகீழாக நின்று கேட்டாலும் ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வரும் கோடையிலேயே கிளம்பி உன்னிடம் வந்துவிடுகிறேன், மாடி அறையைத் தயார் செய்து வை. இது என் உறுதியான, மாற்றமில்லாத, இறுதித் தீர்மானம்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல ஜீரணமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும் என்று வேண்டும்,

உன் பிரியமுள்ள தம்பி,
லோவல்

பின்குறிப்பு: அறையைத் தயார் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் ஏழெட்டுத் தாய்மார்கள் வந்து, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கையையும் குழந்தைகளுக்கு வலிக்காதபடி நடத்த முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், தலைவராக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வெர்லின் துணைத் தலைவர். நீங்கள் இருவரும் கட்டாயம் வந்துவிடுங்கள். டுவேன் அத்தானை மட்டும் இப்போதிருந்தே கொஞ்சம் மெதுவாகத் தும்மப் பழகச் சொல்.