ஆறாவது படியும் மாமாவின் சட்டைத் தூசியும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகனின் வணக்கம். இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கல் அறுக்கும் பட்டறையில் எல்லாரிடமும், "மருந்து கண்டுபிடிச்சது நான்தான், மருமகன் சும்மா பக்கத்துல நின்னான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். அத்தை போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். முதலில், அது மருந்தே இல்லை. பதினொரு படி ஏறினால்தான் மருந்து. நான் செய்வது ஆறாவது படியில் வரும் இடைநிலைப் பொருள். ஏழாவது படிக்கு மட்டும்தான் உதவும். தின்றால் நோய் போகாது, ஆள்தான் போவார். அது மூன்று மாதமாகக் குடுவையில் தேன் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது, படிகமாக உறைந்தால்தான் சுத்தம் செய்து எடுக்க முடியும், வெள்ளிக்கிழமைக்குள் உறையாவிட்டால் வேலையை அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிடுவதாக எங்கள் ஆய்வுக்கூடத்துத் தலைவி மேடம் சொல்லியிருந்தார், ஐஸில் வைத்தேன், கண்ணாடிக் குச்சியால் சுரண்டினேன், காலில் விழாத குறை, அந்த நேரம் பார்த்து வீட்டுச் சாவி கொடுக்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா, போகவில்லை, "என்னடா இது, பாகு கெட்டுப்போச்சா?" என்று எட்டிப் பார்த்தீர்கள், "மாமா, தள்ளி நில்லுங்க" என்றேன், "ஏன், என் கண்ணு பட்டு வெடிச்சிருமா?" என்று சட்டைக் கையை ஒரு உதறு உதறினீர்கள், பட்டறைத் தூசி அவ்வளவும் உள்ளே, நான் கத்தி முடிப்பதற்குள் குடுவை முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்துபோச்சு!

இதில் உங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு துகள் கிடைத்தால் படிகம் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். யார் வீட்டுத் தூசியாக இருந்தாலும் வளர்ந்திருக்கும். "படிகம் எப்படி வந்துச்சுன்னு நோட்டுல எழுதுங்க" என்றார் மேடம். சுரண்டினேன் என்று எழுதிவிட்டேன். உங்கள் தூசியையும் வடிகட்டி எறிந்தாச்சு. வேலை என்னிடமே இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்ததும் தூங்குகிறேன், மேசையைத் துடைக்கும்போது விசில்கூட வருகிறது. ஆகவே பட்டறையில் அளப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இனி எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் அடக்கமும் கிடைக்கட்டும்.

உங்கள் சொல் கேளாத
மருமகன்

பி.கு.: தபாலில் போட மறந்து கடிதம் பையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் ஏழாவது படியும் முடிந்தது. அதுவும் தேன். நாலு நாளாகச் சுரண்டுகிறேன், அசையவில்லை. மேடம் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "போன தடவை நிஜமா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். சொல்லித் தொலைத்தேன். "அப்ப அவரை வரச் சொல்லுங்க" என்கிறார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே வாருங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.