ஆறு பேர் போன தேனிலவு

தேனிலவு இரண்டு பேர் போகிற சமாச்சாரம். சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களில் இதுவும் ஒன்று என்றுதான் கல்யாணம் ஆகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். என் புகுந்த வீட்டில் இதை யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. அதனால் எங்கள் தேனிலவுக்கு ஆறு பேர் போனோம், லோடு வண்டியில், லுங்கிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு.

என் பங்குக் கிறுக்குத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அரக்கோணம். அப்பாவுக்கு ரயில்வே. ஜங்ஷன் ஊரில் பிறந்ததாலேயே உலகம் பார்த்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. (பார்த்ததெல்லாம் மற்றவர்கள் ஏறிப்போகிற ரயில்களை.) நிச்சயதார்த்தம் முடிந்த சமயத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கடலோரத்தில் பழைய கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண். தரையைத் தொடும் வெள்ளை கவுன், அகலமான தொப்பி, காற்றில் பறக்கும் முடி. எனக்கு ஊட்டியும் கொடைக்கானலும் அந்த நிமிஷமே கசந்துபோயின.

தேடிப்பிடித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம். (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் இன்னும் என்னை மறந்திருக்க மாட்டார்கள்.) விளக்கைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்தக் காலத்தில் குடியிருந்த வீட்டில் இப்போது விருந்தாளிகளை ராத்தங்க விடுகிறார்கள். ஒரே அறை. இரண்டு பேர். கவுனும் தொப்பியும் வரவழைத்தேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டேபிள் ஃபேனை வைத்து, முடி எந்தப் பக்கம் பறந்தால் எடுப்பாக இருக்கிறது என்று ஒத்திகையும் பார்த்தேன். அப்பா மேலே வந்து பார்த்துவிட்டு, அப்படியே இறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் தணிகைவேல், பெயருக்கேற்ற திருத்தணிக்காரர். நல்ல மனிதர். கோளாறே அதுதான். யாரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது என் மாமியார் கேட்டார்.

"எங்கடா போறீங்க?"

"லைட் ஹவுஸ்மா."

"யாரு வூடு அது?"

"வூடு இல்லமா. கடலாண்ட ஒசரமா இருக்கும். உள்ளாற படி இருக்கும். ஏறிப்போனா மேல வெளக்கு எரியும்."

"எந்த சாமிக்கு?"

நான் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது, விளக்கமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

"கடலாண்டயா? அமாவாசைக்கு ஒரு முழுக்குப் போடணும்னு நெனைச்சிகினே இருந்தேன். நானும் வரட்டா?"

"ஆங்... வாயேன்மா" என்றார் என் கணவர்.

மாமியார் வருவதால் மாமனார் வந்தார். (வீட்டில் எல்லோருக்கும் அவர் நைனா. பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கிறார்.) அவர்கள் இருவரும் வருவதால் நாத்தனார் வந்தார். நாத்தனார் வருவதால் அவருடைய வீட்டுக்காரர் பாபு பாவாவும் வந்தார். அவருடையதுதான் லோடு வண்டி. "வண்டி சும்மா போறதுக்கு ரெண்டு கட்டு லுங்கி ஏத்திகினு போலாமே" என்று அவர் சொன்னபோதும் என் கணவர் "ஆங் பாவா" என்றார். தாலி கட்டி மூன்று வாரம்கூட ஆகாத நான் என்ன சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு புளியோதரைத் தூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

கனகம்மாசத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடைக்காரர் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். என் மாமியார் பெருமையாகச் சொன்னார்: "நாங்க ஹனிமூனுக்குப் போய்கினு இருக்கோம்."

அந்த மனிதர் எங்கள் ஆறு பேரையும் பார்த்தார். வண்டிக்குள் எட்டி லுங்கிக் கட்டுகளைப் பார்த்தார். பிறகு டீயை ஆற்ற ஆரம்பித்தார். நான் தலை குனிந்தவள், கடல் தெரியும்வரை நிமிரவில்லை.

கலங்கரை விளக்கத்தில் லைட் கீப்பர் வாசலிலேயே நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் விசில். "ரெண்டு பேர்னுதானே சொன்னீங்க?"

"ரெண்டு பேர்தான் சார். இவங்கல்லாம் சும்மா கூட வந்தவங்க" என்றார் என் கணவர்.

கீப்பர் எங்களை விரல்விட்டு எண்ணினார். கூட வந்தவர்கள் வராந்தாவில் இருந்துகொள்ளலாம், எதையும் தொடக்கூடாது என்றார். அறையில் தங்குகிறவர்கள் மேலே ஏறிப் பார்க்கலாம் என்று கோபுரத்தின் கதவைத் திறந்துவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனார்.

நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கவுனுக்குள் நுழைந்து, முடியை விரித்துப் படியவைத்து, தொப்பியைச் சரித்து, சரித்தது சரியில்லை என்று திரும்பச் சரித்து... நேரம் ஆனது. வெளியே வந்தபோது மாமியாரும் நாத்தனாரும் கடலில் முழுக்குப் போடப் போயிருந்தார்கள். வராந்தாவில் நைனா தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று இருந்தது. என் கணவர் போனில் வீடியோ எடுத்தபடி பின்னால் வர, நான் மகாராணி மாதிரி படியேறினேன்.

உள்ளே சுற்றுப்படி. ஒரே இருட்டு. படியெல்லாம் ஈரம். கடல்காற்று என்று நினைத்தேன். கற்பூர வாசனை வந்தது. பழைய கட்டடம் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்தேன். (அறிவாளி!) மூச்சு வாங்கியபோது படியில் கை ஊன்றி நின்று, அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கவுனைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அந்த வீடியோப் பெண்ணும் பிடிக்கவில்லை, அது படிகளில் புரண்டு வருவதுதான் அழகு.

மேலே வெளிச்சத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்து, காற்றுக்கு முகத்தைக் காட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே கவுன் சிவப்பாக இருந்தது. கையும் சிவப்பு. அந்தக் கையால் துடைத்த முகமும் சிவப்பு.

மஞ்சளும் குங்குமமும்! திருத்தணியில் வருஷப் பிறப்புக்கு முருகன் கோயில் மலைப்படிகளுக்குப் பூஜை செய்வார்கள். ஒவ்வொரு படியாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுவார்கள். துணி காயப்போட மாடிக்கு ஏறினாலே நடுவில் உட்கார்ந்துவிடும் என் மாமியார், நான் தொப்பியைச் சரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு அடியிலிருந்து நுனிவரை படிபூஜை செய்து முடித்திருந்தார்.

"பின்னாடியேதானே வந்தீங்க? பாக்கலியா?" என்று கத்தினேன்.

"பாத்தேன்" என்றார் என் கணவர். "டிசைன்னு நெனைச்சேன்."

அவ்வளவுதான். கனகம்மாசத்திரத்திலிருந்து அடக்கிவைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. லோடு வண்டி, லுங்கி, புளியோதரை, அமாவாசை, அவருடைய "ஆங்", ஒன்றையும் விடவில்லை. கையை வீசி வீசிக் கத்தினேன். ஆத்திரத்தில் தொப்பியைக் கழற்றி எறிந்தேன். அது சுழன்று சுழன்று கீழே போனது.

கீழே மணலில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைப் பார்த்தார்கள். அது வந்த திசையில் நிமிர்ந்தார்கள். உச்சியில் தலைவிரி கோலமாக, முகமெல்லாம் சிவப்பாக, ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, ரத்தம்டா!"

"யம்மா! குதிக்காதம்மா! எதுவா இருந்தாலும் கீழ வந்து பேசிக்கலாம்மா!"

என் கணவர் பயந்துபோய் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

"டேய்! புள்ளையத் தள்ளாதடா! வுட்றா அத!"

செல்வி என்று ஒரு அக்கா, மீன் விற்கிறவர், கூடையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரையும் அதட்டி வலையை விரிக்கவைத்தார். குப்பமே கூடி, ஆளுக்கொரு பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு, நான் நகர்கிற பக்கமெல்லாம் அவர்களும் நகர்ந்தார்கள். கீப்பர் கையில் சோற்றோடு விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். ஈரப் புடவையோடு ஓடிவந்த மாமியார் "ஐயோ, எம் மருமவ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நைனா எழுந்துவந்து வலையைத் தொட்டுப் பார்த்து, "இது கையில போட்ட முடிச்சா, மிசின்லயா?" என்று பக்கத்திலிருந்தவரை விசாரித்தார். பெற்ற மகனும் வந்த மருமகளும் உச்சியில் நிற்கிறோம்!

"நான் குதிக்கலை! சண்டை போடறேன்!" என்று கத்தினேன். காற்றில் "குதிக்க" மட்டும்தான் கீழே கேட்டதாம். வலை இன்னும் விறைப்பாக நிமிர்ந்தது.

இறங்கி வந்தோம். எனக்கு ஒரு காயமும் இல்லை என்று செல்வி அக்கா தொட்டுத் தடவிப் பார்த்து நம்பிய பிறகு, கீப்பர் படிகளைப் பார்த்தார். அவர் முகமும் என் கவுன் நிறத்துக்கு வந்தது.

"யார் வேலை இது? மேலிடத்துக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. யாரு பண்ணது?"

எல்லோரும் என் கவுனைப் பார்த்தார்கள். என் மாமியார் ஓர் அடி முன்னால் வந்தார். ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"புதுப்பொண்ணு சார். பக்தி ஜாஸ்தி. தெரியாம பண்ணிடுச்சி" என்றார்.

கணவரைப் பார்த்தேன். இந்த மனிதர் வாயைத் திறந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்வாரா என்பது என் வாழ்க்கைப் பிரச்சினையாக அப்போது தெரிந்தது. திறந்தார்.

"நாங்க ரெண்டு பேருமாத்தான் பண்ணோம் சார். நாங்களே கழுவி வுட்டுடறோம்."

செய்யாத குற்றத்தில் பாதி இப்படி என் தலையில் அதிகாரப்பூர்வமாக ஏறியது.

அந்தச் சாயங்காலம் முழுக்க வாளியும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு படிபடியாகத் தேய்த்தோம். மாமியாருக்கு முட்டி வலி (வராதா பின்னே?), அதனால் வரவில்லை. பாவாவுக்கு இடுப்பு. நான் கோபத்தையெல்லாம் நாரில் காட்டித் தேய்த்தேன். பாதிக் கோபுரம் இறங்கிய பிறகு அவரே மெல்ல ஆரம்பித்தார்.

"அத்தினி பேர் முன்னாடி அம்மாவக் காட்டிக்குடுக்க முடியல, ஹேமா. உன்ன மட்டும் தனியா மாட்டிவுடவும் மனசு வரல. அதான் பாதிய நான் எடுத்துகினேன்."

தேய்ப்பதை நிறுத்தினேன். மேலே விளக்கு சுற்ற ஆரம்பித்திருந்தது. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடல்மேல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நடந்து போனது. அந்தப் படிகளில் எங்களைத் தவிர யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மிச்சப் படிகளை வேண்டுமென்றே நிதானமாகத் தேய்த்தோம். (அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

அறைக்கு வந்தால் கட்டிலில் மாமியாரும் நாத்தனாரும். என்னை ஏன் மாட்டிவிட்டீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"என்னைப் புடிச்சிகினு போய்ட்டா உங்களுக்கெல்லாம் யாரு சோறாக்குறது?" என்றார் மாமியார், கொஞ்சமும் சஞ்சலம் இல்லாமல். "நீ வேணா அந்த ஓரமா படுத்துக்கோ."

காலையில் குப்பத்து ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். பாவா வண்டியைத் திறந்தார். லுங்கி மொத்தமும் அங்கேயே விற்றுப்போனது. நைனா வலை முடிச்சு கற்றுக்கொண்டார். என்னைத் தவிர எல்லோருக்கும் பயணம் அமோகம்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு வருஷமும் ஆடிக் கிருத்திகைக்குச் செல்வி அக்கா குப்பத்து ஜனங்களோடு மலைக்கு வந்து, எங்கள் வீட்டில்தான் தங்குகிறார். நான் சமையலறையில் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், கூடத்திலிருந்து "டேய், வலைய விரிங்கடா!" என்று கேட்கும். என் மகள்தான் முதலில் ஓடிப்போய்ப் போர்வையை எடுத்துவருவாள்.

இந்த அநியாயத்தையெல்லாம் யாராவது ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து, மாமியாரை உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னைப் பரிவாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா படிக்கு மஞ்சள் பூசினது நீதானே? அத மறந்துட்டியே ஹேமா!"