கோர்ட்டக்காவும் என் கல்யாண ஜாக்கெட்டும்

கடலூர் ஜில்லாவில் அப்பீலுக்கே வழியில்லாத தீர்ப்பு சொல்லும் ஒரே ஆள் கோர்ட்டக்காதான். நிஜக் கோர்ட்டு மஞ்சக்குப்பத்தில் பெரிய கட்டடமாக இருக்கிறது. அங்கே வாய்தா உண்டு, வக்கீல் உண்டு, இழுத்தடிக்க ஆயிரம் வழி உண்டு. அதற்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில், ஒரு மெஷினும் ஒரு முக்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோர்ட்டக்காவிடம் இதெல்லாம் நடக்காது. உள்ளே போனவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

அவர் தையல்காரர். ஆனால் புதிதாக எதையும் தைக்க மாட்டார். கல்யாண உடுப்புக்கு ஆல்ட்ரேஷன், அவ்வளவுதான். புதுசு தைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, அவர்கள் செய்வதைச் சரிசெய்யத்தான் ஆளில்லை என்பது அவருடைய வாதம். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. போனில் பணம் அனுப்பினால்கூட அவர் வீட்டுக்காரர் பெயர்தான் வருகிறது.

கடையில் சாமி படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் கத்திரிக்கோல் தொங்கும். ஜாக்கெட் பற்றவில்லை, கோட்டு சேரவில்லை என்று போய் நின்றால் மற்ற டெய்லர்கள் டேப்பை எடுப்பார்கள். கோர்ட்டக்கா கையைக் கட்டிக்கொண்டு, "தப்பு யாரு மேல?" என்று கேட்பார். அதற்குப் பதில் வரும்வரை கத்திரிக்கோல் ஆணியை விட்டு இறங்காது. ரேட்டும் அதை வைத்துத்தான். தெரியாமல் செய்த தப்புக்குச் சாதா ரேட்டு. தெரிந்தே செய்திருந்தால் டபுள். வீம்புக்குச் செய்திருந்தால் மூன்று பங்கு. துணியைக் கொண்டுவந்தவர் காசு தர வேண்டியதில்லை. தப்பு யார் மேலோ அவர்தான் தர வேண்டும்.

நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளை ஒருவர் ரிசப்ஷன் கோட்டோடு வந்தார். வயிற்றில் பட்டன் சேரவில்லை, டெய்லர் கெடுத்துவிட்டான் என்றார். அக்கா நிதானமாக, அளவு கொடுத்த நாளிலிருந்து என்னென்ன சாப்பிட்டார் என்று விசாரித்தார். கல்யாணம் முடிவானதிலிருந்து சிநேகிதர்கள் ஆளாளுக்கு விருந்து வைத்தது வெளியே வந்தது. உடனே சம்மன் போனது. சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் நாலு தடியன்கள் ஷிப்ட் முடிந்து வந்து வரிசையாக நின்றார்கள். தன் வீட்டில் போட்டது வெறும் பரோட்டாதான் என்று ஒருவன் இழுத்தான். எத்தனை பரோட்டா என்று அக்கா கேட்டதும் பர்ஸை எடுத்துவிட்டான். அந்த செட்டில் இப்போது யாருக்குக் கல்யாணம் முடிவானாலும் கொய்யாப்பழம் மட்டும்தான் வாங்கித் தருகிறார்களாம்.

பரங்கிப்பேட்டை கேஸ் இன்னும் பிரசித்தம். துபாயில் இருந்த மாப்பிள்ளை ஆசையாக ஒரு கவுன் அனுப்பியிருந்தார். அதற்குள் மணப்பெண்ணும் அவள் தங்கையும் சேர்ந்தே நுழையலாம். அக்கா துபாய்க்கு வீடியோ கால் போடச் சொன்னார். அளவு தெரியாததால், கடையில் இருந்த விற்பனைப் பெண்ணைக் காட்டி இந்த அளவில் கொடுங்கள் என்று வாங்கியதாக மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

"கட்டிக்கப்போற பொண்ணு அளவு தெரியல. கடைக்காரப் பொண்ணு அளவு மட்டும் எப்படி தம்பி தெரிஞ்சுது?" என்று அக்கா கேட்டார்.

துபாயில் நெட்வொர்க் போய்விட்டது. பெண்ணின் வாப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாராம். சாயந்திரமே டபுள் ரேட்டு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நானே ஒருநாள் அந்த முக்காலி முன்னால் போய் நின்றேன்.

என்னைச் சொந்தக்காரர்கள் பூசினாற்போல் இருப்பாள் என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. சிதம்பரத்தில் வரன் முடிவானதும், முகூர்த்தப் புடவையும் ஜாக்கெட்டும் தங்கள் செலவு என்று மாப்பிள்ளை வீட்டார் அளவு ஜாக்கெட் கேட்டார்கள். அம்மா பீரோவைத் துழாவி, நான் காலேஜில் சேர்ந்த வருஷம் போட்ட ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை. போதாக்குறைக்குச் சம்பந்தியம்மாவிடம், என் பொண்ணு காலேஜ் போனப்போ இருந்த மாதிரியேதான் இருக்கா, ஒரு சுற்றுகூட ஏறவில்லை என்று போனில் வேறு பெருமையடித்திருந்தாள்.

நான் இளைக்கவில்லை. காலையில் கொள்ளுத் தண்ணீர் குடித்தேன், அதனால் மத்தியானம் நன்றாகப் பசித்தது.

கல்யாணத்துக்கு முதல் நாளுக்கு முதல் நாள், கொடுத்த அளவு ஜாக்கெட்டோடு புது ஜாக்கெட்டும் வந்தது. பாண்டிச்சேரியில் கொடுத்துத் தைத்த அரக்குப் பட்டு, முதுகில் தங்க நூலில் மயில். புடவையைவிட அதற்குத்தான் ஜாஸ்தி செலவாம். போட்டுப் பார்த்தால் இந்தப் பக்கத்துக் கொக்கியும் அந்தப் பக்கத்து வளையமும் ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பிரித்து விடலாம் என்று உள்ளே திருப்பினால், ஒட்ட வெட்டித் தைத்திருந்தார்கள். மருந்துக்குக்கூட உபரித் துணி இல்லை.

மாப்பிள்ளை வீட்டில் சொன்னால் அம்மாவின் பொய் அம்பலமாகும். சொல்லாவிட்டால் மேடையில் கிழியும். சிதம்பரத்தில் நான் காலெடுத்து வைக்கும்போதே, ஜாக்கெட் கிழிந்த குண்டுப் பொண்ணு என்ற பேரோடுதான் வைக்க வேண்டும்.

"ஊக்கு குத்தி, மாலையால மறைச்சிக்கலாம். தாலி ஏறுற வரைக்கும் மூச்ச மட்டும் கொஞ்சம் சின்னதா விடுடி," என்றாள் அம்மா.

சின்னதாக மூச்சு விட்டுப் பார்த்தேன். எச்சில் விழுங்கியதில் அக்குளில் ஒரு தையல் விட்டது. ஆட்டோ பிடித்துக் கோர்ட்டக்காவிடம் ஓடினோம்.

"தப்பு யாரு மேல?"

பாண்டிச்சேரிக்காரர் மேல் என்றாள் அம்மா. கோர்ட்டக்கா அளவு ஜாக்கெட்டை வாங்கிப் புது ஜாக்கெட்டின் மேல் வைத்தார். இரண்டும் அச்சாக ஒன்று. பாண்டிச்சேரிக்காரர் விடுதலை. அடுத்து அக்காவின் பார்வை அம்மா பக்கம் திரும்பியது. அம்மா கையைப் பிசைந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

"என் மேலதான்கா. நான்தான் குண்டாயிட்டேன்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன், ஆனாலும் அதை நான் நிஜமென்றே நம்பியிருந்தேன்.

கோர்ட்டக்கா எழுந்துவந்து என் தோளைப் பிடித்துக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பினார்.

"இந்தக் கடையில டெய்லரு குத்தவாளியா நின்னிருக்கான். மாப்பிள்ள நின்னிருக்கான். மாமியாருங்க நின்னிருக்காங்க. ஒடம்ப மட்டும் நான் நிக்க வெச்சதே கெடையாது. துணிதான் ஒடம்பத் தேடி வரணும். ஒடம்பு எதுக்குத் துணிகிட்ட போய் கெஞ்சணும்? அழுவாத. நிமிந்து நில்லு."

நிமிர்ந்து நின்றேன். கண்ணாடியில் என்னை ஓரக்கண்ணால் பார்க்காமல் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். அப்படிப் பார்த்தபோதுதான் பின்னால் இன்னொரு முகம் தெரிந்தது. கையில் மஞ்சப்பையோடு, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் என் வருங்கால மாமியார்.

சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும், திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு வந்தேன் என்றார். நாங்களும் கோயிலுக்குத்தான் என்றாள் அம்மா. கோர்ட்டக்கா யாரையும் கண்டுகொள்ளாமல் மஞ்சப்பையை வாங்கிப் பிரித்தார். உள்ளே, முகூர்த்தத்துக்கு மாமியார் போட வேண்டிய ஜாக்கெட். அதே அரக்கு. முழங்கை வரை கை வைத்தது.

"தப்பு யாரு மேல?"

மாமியார் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்திரிக்கோலைப் பார்த்தார். வேறு வழி இருக்கவில்லை.

"என் மேலதான். அளவெடுக்கறப்ப மூச்ச இழுத்துப் புடிச்சிக்கினேன். பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி கொஞ்சம் ஒல்லியாத் தெரியணும்னு. எங்க ஊர்ல குடுத்தா விஷயம் தெரிஞ்சிடும்னுதான் இங்க வந்தேன்."

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் வாய் வந்தது.

"அந்தக் காலேஜ் ஜாக்கெட்ட நான்தான் சம்மந்தி குடுத்தேன். அவ எளைக்கவே இல்ல. நல்லா சாப்பிடுற பொண்ணு."

கோர்ட்டக்கா முக்காலியில் போய் உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னார். இரண்டும் வீம்பு, ஆகவே இரண்டுக்கும் மூன்று பங்கு. சம்பந்தியின் வீம்புக்கு அம்மா தர வேண்டும், அம்மாவின் வீம்புக்குச் சம்பந்தி தர வேண்டும். அப்போதுதான் இரண்டு பேரும் வெளியே மூச்சு விட மாட்டார்கள் என்று காரணமும் சொன்னார். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் தந்தார்கள்.

மாமியார் ஜாக்கெட்டில் உள்ளே துணி இருந்தது, பிரித்து விட்டால் போதும். என்னுடையதற்குத்தான் துணிக்கு எங்கே போவது? கோர்ட்டக்கா இரண்டு ஜாக்கெட்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாமியாரிடம் கையைக் குட்டையாக்கிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். முழங்கை வரை கை வைப்பதில் மாமியாருக்குத் தனிப் பெருமை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

"வெட்டுங்க. அது நல்லா மூச்சு விட்டுக்கினு ஒக்காரட்டும்," என்றார்.

கத்திரிக்கோல் ஆணியிலிருந்து இறங்கியது.

சிதம்பரத்து மண்டபத்தில் அந்த ஜாக்கெட்டோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறும்போது வயிறு முட்ட மூச்சு விட்டேன், ஒரு நூல்கூட அசையவில்லை. பக்கத்தில் மாமியார் குட்டைக் கையோடு நின்றார். எங்கே தைத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மாவும் அவரும் ஒரே குரலில் பாண்டிச்சேரி என்றார்கள்.

போன மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம் வைத்தார்கள். என் இடுப்பில் இப்போது ஒரு பெண் குழந்தை. அவள் வந்த பிறகு நான் முன்னைவிடவும் பூசினாற்போல் ஆகியிருந்தேன். மயில் ஜாக்கெட் மறுபடி சேரவில்லை. உள்ளே திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும், மாமியாருடைய அரக்குப் பட்டு, இன்னும் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, பிசிறில்லாமல் அடித்து வைத்திருந்தது. அன்றைக்கு வேண்டியிருந்ததற்கு மேலேயே கோர்ட்டக்கா ஒட்டுப் போட்டிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தையலைப் பிரிக்க வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. குழந்தையோடு கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

கோர்ட்டக்கா கையைக் கட்டிக்கொண்டார். "தப்பு யாரு மேல?"

"உங்க மேலதான்கா. நான் இன்னும் பெருப்பேன், நல்லா இருப்பேன்னு அன்னிக்கே முடிவு பண்ணி எடம் விட்டு வெச்சது நீங்கதானே?"

கோர்ட்டக்கா என்னைப் பார்த்தார். குழந்தையின் கன்னத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் பண்ணேன்," என்றார். இடுப்பில் செருகியிருந்த பர்ஸை எடுத்து, டபுள் ரேட்டைத் தன் கல்லாவிலேயே போட்டுவிட்டு, அதன் பிறகுதான் கத்திரிக்கோலை எடுத்தார். நான் மூச்சைத் தாராளமாக விட்டுக்கொண்டு, அம்மா வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.